குனிந்த முதுகை எந்தப் புத்தகத்தில் தேடுவது?

மானாம்பதியில் நடவு நாள்களில் சாலையோடு போகிறவர்களுக்குத் தெரிவது பெண்களின் முதுகுகள்தான். ஏரியில் தண்ணீர் நிற்கும் வருடங்களில் பத்துப் பன்னிரண்டு பேர் வரிசையாகக் குனிந்து, பின்னால் நகர்ந்தபடி நாற்று ஊன்றிக்கொண்டிருப்பார்கள். சேலையை முழங்காலுக்கு மேல் ஏற்றிச் செருகி, மேலே கணவனின் அல்லது மகனின் பழைய முழுக்கைச் சட்டையைப் போட்டிருப்பார்கள். அந்த வரிசையில் என் அம்மாவும் ஒருத்தி. படிப்பை முடித்துவிட்டு ஊரில் இருந்த காலத்தில், மனித உருவம் வரையக் கற்றே தீருவது என்று உட்கார்ந்தபோது, நான் முதலில் வரைய நினைத்தது அம்மாவின் குனிந்த முதுகை.

இரண்டு மாதம் புத்தகங்களைப் பார்த்துப் பழகிவிட்டு அதை வரைந்தேன். அம்மாவிடம் காட்டினேன்.

"யாருடி இது?" என்றாள்.

"நீதான்மா."

சிரித்துவிட்டாள். "நானா? இவ்ளோ நீட்டுக் காலோட சேத்துல நின்னா இவ மொதல்ல விழுந்துடுவா."

அம்மா சொன்னது சரி. நான் வரைந்திருந்தது அம்மாவின் சேலையைக் கட்டிய வேறொருத்தி. இடுப்பு ஒடுங்கி, தொடை நீண்டு, முதுகு ஒரே வளைவாக வழுவழுவென்று இருந்தாள். அவள் எங்கிருந்து என் தாளுக்கு வந்தாள் என்று தேடிப்போனதுதான் இந்தக் கட்டுரை.

அவள் வந்தது நான் கற்ற புத்தகங்களிலிருந்து. திருவல்லிக்கேணி நடைபாதைக் கடையில் வாங்கியவை மூன்று. ஆண்ட்ரூ லூமிஸ் 1943ல் வெளியிட்ட உருவ ஓவிய நூலின் ஜெராக்ஸ் பிரதி. அந்நூல் பல பத்தாண்டுகள் அச்சில் இல்லாமல் இருந்து 2011ல்தான் மறுபதிப்பு கண்டது. ஜார்ஜ் பிரிட்ஜ்மனின் 1920ஆம் ஆண்டு உடற்கூறு நூல். அட்டை கிழிந்த ஒரு கிரே அனாட்டமி. வீட்டில் எல்லாவற்றுக்கும் செய்தித்தாள் அட்டை போட்டேன். பாடப்புத்தகத்துக்குப் போடுவதுபோல் போட்டதாக அம்மா நினைத்தாள். உள்ளே இருந்த நிர்வாணப் படங்களை அண்ணன் பார்த்துவிடக் கூடாது என்பதுதான் காரணம்.

இந்தப் புத்தகங்களைக் குறை சொல்வதற்கு முன் அவற்றுக்கு நான் பட்ட கடனைச் சொல்லிவிட வேண்டும். நியூயார்க்கில் பல்லாண்டுகள் ஓவிய மாணவர்களுக்குப் பாடம் எடுத்தவர் பிரிட்ஜ்மன். தலை, விலாக்கூடு, இடுப்பெலும்பு மூன்றையும் மூன்று பெட்டிகளாகப் பார்க்கச் சொல்கிறார். ஒரு பெட்டி ஒரு பக்கம் சாய்ந்தால் அடுத்தது எதிர்ப்பக்கம் சாயும். இது புரிந்த நாளில் பேருந்தில் ஒரு காலை ஊன்றி நிற்கிற ஒவ்வொருவரின் இடுப்பையும் என்னால் படிக்க முடிந்தது. தோள்பட்டை எலும்பு விலாவின் மேல் மிதக்கிறது, கையைத் தூக்கினால் அதுவும் சுழல்கிறது என்பதை எந்த ஆசிரியரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. பள்ளியில் ஓவியத் தேர்வுக்குப் படித்தபோது 'மாடல் டிராயிங்' என்றால் பானையும் பெட்டியும்தான். மனித உடலைச் சொல்லிக்கொடுத்தவை இந்தப் புத்தகங்கள் மட்டுமே.

ஆனால் எந்த உடலை? மறுபடி பக்கங்களைப் புரட்டியபோது ஒரு ஒழுங்கு கண்ணில் பட்டது. தசை விளக்கப்படும் இடங்களில் பெரும்பாலும் ஆண் இருக்கிறான். அவன் தள்ளுகிறான், இழுக்கிறான், தூக்குகிறான். எந்தத் தசை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, எந்த வேலையில் எது புடைக்கிறது என்பதெல்லாம் அவன் உடலில் எழுதப்பட்டிருக்கிறது. பெண் வருகிற பக்கங்களில் பேச்சு மாறிவிடுகிறது. கோடு மென்மையாக வேண்டும், தசையை அமுக்கிக் காட்ட வேண்டும், வளைவு தொடர வேண்டும். ஆணின் உடலுக்கு ஒரு வேலை உண்டு. பெண்ணின் உடலுக்கு ஒரு தோற்றம் மட்டும் உண்டு. கற்கிற கை இதை யோசிக்காமலே வாங்கிக்கொள்கிறது. என் கையும் அப்படித்தான் வாங்கியது. அம்மாவின் முதுகை வழுவழுப்பாக்கியது அதுதான்.

லூமிஸின் அளவுப் படம் இதற்கு நல்ல சான்று. சாதாரண மனிதர் ஏழரைத் தலை உயரம், ஆனால் இலட்சிய உருவத்துக்கு எட்டுத் தலை என்று வைத்துக்கொள்கிறார். அந்த இலட்சியப் பெண் ஆடையில்லாமல் நிற்கிறாள், காலில் மட்டும் குதிகால் உயர்ந்த செருப்பு. அந்நூலின் நிர்வாணப் பெண்கள் பலர் இப்படித்தான் செருப்போடு வருகிறார்கள். லூமிஸ் அமெரிக்க விளம்பரங்களுக்கும் பத்திரிகைகளுக்கும் வரைந்தவர். தன் மாணவர்களையும் அந்தச் சந்தைக்குத்தான் தயார்செய்தார். அதை மறைக்கவும் இல்லை. தவறு என்னுடையது. ஒரு நாட்டின் ஒரு காலத்து விளம்பரத் தொழிலின் அளவை மனித உடலின் இலக்கணம் என்று எண்ணிக்கொண்டேன். குதிகால் உயர்ந்த செருப்பு கெண்டைக்காலை இறுக்கும், உடல் நிற்கும் விதத்தையே மாற்றும். செருப்பை அழித்துவிட்டு அந்த நிற்பை மட்டும் நகலெடுத்தால், செருப்பு உடலுக்குள் போய்விடுகிறது. சேற்றில் குதிகால் புதைய நிற்கிற அம்மாவுக்கு நான் கொடுத்தது அந்த உடலை.

ஒருநாள் அம்மாவைச் சுவரோடு நிற்கவைத்து நூலால் அளந்தேன். உச்சந்தலையிலிருந்து முகவாய் வரை ஒரு அளவு. அவள் உயரம் ஏழு தலைக்குச் சற்றுக் குறைவு. "கொறஞ்சா என்ன, கூலி கொறையாதுல்ல?" என்றாள்.

இந்த ஒழுங்கு லூமிஸோடு தொடங்கவில்லை. ஐரோப்பிய உடற்கூறு நூல்களின் வரலாறு முழுக்க இது ஓடுகிறது. வெசாலியஸின் புகழ்பெற்ற நூல் 1543ல் வந்தது. உள்ளே எலும்பும் தசையுமாக நிமிர்ந்து நடக்கிற உருவங்கள் ஆணுடையவை. பெண்ணுடலை முகப்புப் பக்கத்திலேயே பார்க்கலாம்: மேசையில் வயிறு பிளக்கப்பட்டுக் கிடக்கிறாள், சுற்றிலும் ஆண்கள் முண்டியடித்து எட்டிப்பார்க்கிறார்கள். தூக்குத் தண்டனையிலிருந்து தப்ப, தான் கர்ப்பமாக இருப்பதாகச் சொன்ன பெண் அவள் என்று வெசாலியஸே குறிப்பிடுகிறார். மருத்துவச்சிகள் சோதித்து இல்லையென்று சொல்ல, தண்டனை நிறைவேறியது. தசைக்கு ஆண், கருப்பைக்குப் பெண் என்ற பிரிவினை இந்த ஒரே நூலுக்குள் இருக்கிறது.

பெண் எலும்புக்கூட்டைத் தனியாக வரைந்து காட்டும் வழக்கம் பதினெட்டாம் நூற்றாண்டில்தான் பரவியது. 1759ல் பிரான்சில் வெளிவந்த படம் அவற்றில் பேர்பெற்றது. மண்டையோடு மிகச் சிறிது, விலாக்கூடு மிக ஒடுக்கம், இடுப்பெலும்பு மிக அகலம். வரையச்செய்தவர் ஒரு பெண், தீரூ தார்கோன்வில். நூலிலோ அவர் பெயர் இல்லை. ஓர் ஆண் மருத்துவரின் பெயரில் அது வெளியானது. சிறிய மண்டையோடு பெண்ணின் சிறிய அறிவுக்குச் சான்றாக எடுத்துக்கொள்ளப்பட்டது. பெண் கையால் செய்யப்பட்டதாலேயே ஒரு படம் பெண்ணுக்கு நியாயமாகிவிடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது. மானாம்பதியில் உட்கார்ந்து அம்மாவுக்கு எட்டுத் தலை உடலைக் கொடுத்தவளும் ஒரு பெண்தானே.

இன்றும் ஓவியர்கள் கையில் வைத்திருக்கும் இன்னொரு நூல் பால் ரீஷரின் 1890ஆம் ஆண்டு உடற்கூறு நூல். துல்லியமானது, அழகானது. ஏழரைத் தலை அளவைத் தந்தவரும் அவரே. அதன் தசைப் படங்களில் இருப்பது பெரும்பாலும் ஆண் உடல். அதற்கு முன் ரீஷர் பாரீசின் சால்பெத்ரியேர் மருத்துவமனையில் 'ஹிஸ்டீரியா' நோயாளிகள் என்று வைக்கப்பட்டிருந்த பெண்களை வரைந்துகொண்டிருந்தார். வலிப்பில் வில்லாக வளைந்த முதுகு, முறுகிய கை, பின்னுக்குச் சாய்ந்த தலை. அந்தப் படங்களோடு அவரது ஆய்வு நூல் 1881ல் வந்தது. ஒரே கை, ஒரே கூர்மை. ஆண் உடல் இலக்கணமாகவும் பெண் உடல் நோயாகவும் பதிவானது. பின்னாளில் அவர் பாரீசின் நுண்கலைப் பள்ளியில் உடற்கூறுப் பேராசிரியரானார்.

பெண்களே வரைந்திருந்தால் வேறுமாதிரி இருந்திருக்குமே என்று கேட்கத் தோன்றும். அவர்களை அறைக்குள் விடவில்லை. லண்டன் ராயல் அகாடமி 1768ல் தொடங்கியபோது நிறுவன உறுப்பினர்களில் இரண்டு பெண்கள் இருந்தார்கள்: ஆஞ்சலிகா காஃப்மன், மேரி மோசர். சில ஆண்டுகளில் யோஹான் சோஃபனி அகாடமி உறுப்பினர்களை நிர்வாண மாடல்கள் இருக்கும் அறையில் கூடியிருப்பதாக வரைந்தார். ஆண்கள் எல்லாம் அறையில் இருக்கிறார்கள். அந்த இரண்டு பெண்கள் மட்டும் சுவரில் மாட்டிய படங்களாக இருக்கிறார்கள். அகாடமியின் பள்ளியில் பெண்கள் மாடலைப் பார்த்து வரைய 1893 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அப்போதும் இடுப்பில் துணி சுற்றிய மாடல்தான். 1886ல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில், பெண்கள் இருந்த வகுப்பில் ஆண் மாடலின் இடுப்புத் துணியை நீக்கியதற்காக தாமஸ் ஈக்கின்ஸ் பணியிழந்தார். லிண்டா நாக்லின் 1971ல் எழுதிய கட்டுரையில், பெண்களில் மாபெரும் ஓவியர்கள் ஏன் இல்லை என்ற கேள்விக்கு விடை தேடும்போது, இந்த மூடிய கதவைத்தான் முக்கியச் சான்றாக வைத்தார். திறமையைப் பற்றிப் பேசுமுன் யாருக்கு எதைப் பார்க்க அனுமதி இருந்தது என்று கேட்கச் சொன்னார்.

இந்தக் கதவின் கிளை நம் ஊரிலும் உண்டு. சென்னையின் அரசு கவின்கலைக் கல்லூரிக்கு வித்திட்ட பள்ளியை 1850ல் தொடங்கிய அலெக்சாண்டர் ஹண்டர் ஓர் அறுவை மருத்துவர். ஐரோப்பியப் பயிற்சிமுறை அங்கே வந்தது. இந்திய மாணவர்களின் கை அதில் பழகியது. அந்தக் கல்லூரியின் முதல் இந்தியத் தலைவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி செய்த உழைப்பாளர் சிலை 1959லிருந்து மெரினாவில் நிற்கிறது. பாறையைப் புரட்டும் நால்வரின் தொடையிலும் தோளிலும் முதுகிலும் உடற்கூறு முழுப் பாடமாக விரிந்திருக்கிறது. பள்ளிச் சுற்றுலாவில் அதன்முன் நின்று வியந்திருக்கிறேன், இன்றும் வியக்கிறேன். ஆனால் நால்வரும் ஆண்கள். உத்திரமேரூர் வட்டாரத்தின் கல்குவாரிகளில், செங்கல் சூளைகளில், வயல்களில் பாரம் சுமக்கும் பெண்களை அறிந்த எனக்கு, தமிழ்நாட்டின் உழைப்புக்குப் பெரிய அடையாளமான சிலையில் ஒரு பெண் முதுகு இல்லை என்பது உறுத்துகிறது. அதே கடற்கரையில் கண்ணகி நிற்கிறாள், ஔவை நிற்கிறார். பெண்ணின் கோபத்துக்கும் தமிழுக்கும் சிலை உண்டு, தசைக்கு இல்லை.

அப்படியானால் நம் மரபின் அளவுகளுக்குத் திரும்பிவிடலாமா? எனக்கும் அந்த ஆசை வந்தது. உத்திரமேரூர் சுந்தரவரதராசப் பெருமாள் கோயில் மூன்று அடுக்குக் கருவறை கொண்டது. நின்ற, இருந்த, கிடந்த கோலங்களில் பெருமாள் இருக்கிறார். உருவம் வரையக் கற்பவர்களுக்கு முதல் மூன்று பாடமும் அதுதான். நம் சிற்ப நூல்களின் தாலக் கணக்கையும் படித்தேன். லூமிஸின் அளவு உச்சந்தலையிலிருந்து முகவாய் வரை. நம் தாலம் முகத்தின் நீளம், முடி தொடங்கும் இடத்திலிருந்து முகவாய் வரை. சிவன், திருமால் படிமங்களுக்கு உத்தம தசதாலம், 124 அங்குலம். தேவியருக்கு மத்திம தசதாலம், 120 அங்குலம். இங்கே அங்குலம் என்பது அடிக்கோலின் அங்குலம் இல்லை, படிமத்தின் உயரத்தைப் பகுத்து எடுக்கும் அலகு. சிலை சிறிதோ பெரிதோ, தேவி நான்கு அங்குலம் குறைவாகவே இருப்பாள். ஆக, குறைத்து அளப்பதை நாம் வெளியிலிருந்து இறக்குமதி செய்யவில்லை.

ஆனாலும் அந்த மரபில் எனக்கு உதவிய ஒன்று உண்டு. அவனீந்திரநாத் தாகூர் 1914ல் இந்திய ஓவிய உடற்கூறு பற்றி ஒரு சிறுநூல் வெளியிட்டார். தோளுக்கு யானைத் தலை, முன்கைக்கு இளவாழை, முழங்காலுக்கு நண்டின் ஓடு, கெண்டைக்காலுக்குச் சினை நிறைந்த மீன் என்று உறுப்புக்கு உறுப்பு ஓர் உவமை காட்டுகிறார். கெண்டைக்கால் வரும் இடத்தில் நிறுத்திப் படித்தேன். அந்த மீன் தமிழ்ச் சொல்லிலேயே இருக்கிறது. நாம் தினமும் சொல்கிறோம், காதில் விழுவதில்லை. கணுக்கால் என்ற சொல்லில் கரும்பின் கணு இருக்கிறது. ஏரியும் வயலும் தெரிந்தவர்கள் உடலைப் பார்த்துப் பெயர் வைத்திருக்கிறார்கள். லத்தீன் பெயர்களை மனப்பாடம் செய்து தளர்ந்தபோது, என் மொழியில் எனக்கு ஏற்கெனவே ஓர் உடற்கூறு தெரியும் என்ற தைரியம் இதில் கிடைத்தது.

கோயிலின் மூன்று கோலங்களில் இல்லாத நான்காவது ஒன்று குனிதல். ஊரில் பெண்களுக்கு நாள்முழுக்க அதுதான்: கோலம் போட, பெருக்க, சாணி அள்ள, நடவு நட, களை எடுக்க. புத்தகங்களில் தேடினேன். இருக்கவே இல்லை என்று சொல்ல மாட்டேன். எட்வர்ட் மைபிரிட்ஜ் 1887ல் வெளியிட்ட 781 அசைவுப் புகைப்படத் தாள்களில் குனியும் பெண்கள் இருக்கிறார்கள். அதில் ஆண்கள் செங்கல் கட்டுகிறார்கள், பட்டறையில் சம்மட்டி அடிக்கிறார்கள், குத்துச்சண்டை போடுகிறார்கள். பெண்கள் பெருக்குகிறார்கள், தரை தேய்க்கிறார்கள், குடம் சுமக்கிறார்கள். ஆணின் நிர்வாணம் தொழிலோடும் விளையாட்டோடும் சேர்கிறது, பெண்ணின் நிர்வாணம் வீட்டு வேலையோடு சேர்கிறது. அங்கே குனிவதும் கேமராவுக்காகச் சில நொடிகள்தான். நாள் முழுக்கக் குனிந்து, அப்படி முப்பது வருடம் போனபின் ஒரு முதுகு என்ன ஆகும் என்று அதில் தெரியாது.

அதை அம்மாவிடம்தான் கேட்டேன். வீட்டு வாசலில் நடவு நடுகிற மாதிரி குனிந்து காட்டினாள். இடது முழங்கையைத் தொடையில் ஊன்றிக்கொண்டாள், அந்தக் கையில் நாற்றுமுடி இருப்பதாகப் பாவனை. வலது கை மட்டும் தரைக்குப் போய்வந்தது. "கைய தொடையில குடுக்கலன்னா மத்தியானத்துக்குள்ள இடுப்பு போயிடும். சின்னப் பொண்ணுங்க வந்த புதுசுல குடுக்காதுங்க, ரெண்டு நாள்ல கத்துக்கும்." முதுகைத் தொட்டுப் பார்க்கட்டுமா என்று கேட்டுத் தொட்டேன். பாதி குனிந்திருக்கும்போது முதுகெலும்பின் இரு பக்கமும் இரண்டு கயிறுகள் இறுகி நின்றன. இன்னும் முழுசாகக் குனியச் சொன்னேன். கயிறுகள் தளர்ந்து அமுங்கின, முதுகெலும்பின் முடிச்சுகள் ஒவ்வொன்றாக எழும்பின. உடலியலாளர்கள் அளந்து கண்டது இதுதான் என்று பின்னால் படித்தேன். முழுக்கக் குனிந்தால் முதுகை நிமிர்த்தும் தசைகள் ஓய்ந்துவிடும், பாரம் எலும்பை எலும்போடு பிணைக்கும் நார்களுக்குப் போகும். அம்மா முழுதாகக் குனியாமல், தொடையில் கையை ஊன்றி, பாரத்தை முதுகுக்கும் தொடைக்கும் பங்குபோட்டிருந்தாள். அது ஒரு தொழில்நுட்பம். என் முதல் படத்தில் அந்த முழங்கையே இல்லை.

தொட்டுப் பார்த்தபோது புத்தகங்கள் விட்ட வேறு இடங்களும் தெரிந்தன. பிள்ளை பெற்ற வயிற்றில் நடுக்கோட்டின் இருபுறமும் உள்ள தசைகள் விலகி, நடுவில் ஒரு பள்ளம் நிற்கலாம். பால் கொடுத்த மார்பு புத்தகம் காட்டும் அரைக்கோளமாக இருப்பதில்லை. விலாமேல் படிந்து, கையைத் தூக்கும்போது கையோடு ஏறுகிறது. குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனின் தழும்பு நம் ஊரில் எத்தனை அம்மாக்களின் அடிவயிற்றில் இருக்கிறது! இவை எல்லாம் உடற்கூறுதான். மருத்துவப் புத்தகங்களில் இவற்றைப் பார்க்கலாம். ஓவியருக்கான புத்தகங்கள் என் கைக்கு வந்தவரை இருபது வயதோடு பெண்ணை முடித்துவிடுகின்றன.

கவிதையில் நம் பெண்கள் இந்த இடத்தை எப்போதோ கடந்துவிட்டார்கள். 2002ல் குட்டி ரேவதி 'முலைகள்' என்று தொகுப்புக்குப் பெயர் வைத்ததற்கே எவ்வளவு கூச்சல் எழுந்தது. அந்தக் கூச்சலைத் தாங்கி ஒரு தலைமுறை உடலைத் தன் சொல்லால் எழுதியது. படத்தில் நாம் இன்னும் பின்தங்கியிருக்கிறோம். வார இதழ்த் தொடர்கதைகளின் பெண் உருவங்களைப் பார்த்து வளர்ந்த கண் நமக்கு. ஓவியர் இளையராஜாவின் படங்கள் வந்தபோது எங்கள் வீட்டிலும் ஒன்றைக் காலண்டரிலிருந்து வெட்டி ஒட்டினோம். 2021ல் கொரோனாவில் அவர் மறைந்தபோது வருந்தியவர்களில் நானும் ஒருத்தி. கருத்த தோலையும் ஓட்டு வீட்டையும் அவ்வளவு மரியாதையோடு வரைந்தவர் குறைவு. ஆனால் அந்தப் பெண்கள் பெரும்பாலும் இளமையாக, ஒளி விழும் வாசலிலோ சன்னலிலோ நின்றோ உட்கார்ந்தோ இருக்கிறார்கள். அவர்கள் சேலைமேல் ஆண் சட்டை போட்டு நான் பார்த்ததில்லை. அந்தச் சட்டை அழகைக் கெடுக்கும் என்று ஓவியக் கண் நினைக்கிறது. நாற்றின் சுணையிலிருந்தும் வெயிலிலிருந்தும் வரப்பில் நிற்கிற ஆண்களின் பார்வையிலிருந்தும் தப்பப் போட்ட சட்டை அது. ஓவியத்தில் அதைக் கழற்றிவிடுவது சின்ன விஷயம் இல்லை.

வேறு வழி இருக்கிறது என்று எனக்குக் காட்டியவர்கள் இருவர். கேத்தே கோல்விட்ஸ், ஜெர்மன் அகாடமிகள் பெண்களைச் சேர்க்காததால் பெண்களுக்கான தனிப் பள்ளிகளில் படித்தவர். 1902 முதல் 1908 வரை அவர் செய்த 'விவசாயிகள் போர்' வரிசையில் ஒரு படம்: கும்பலைப் போருக்கு ஏவுகிற பெண் நமக்கு முதுகைக் காட்டி, இரு கைகளையும் உயர்த்தி நிற்கிறாள். முகம் தெரியாது. பாவாடைக்குள் கால் ஊன்றியிருப்பதும், சற்றே குனிந்த முதுகிலிருந்து கைகளுக்கு ஏறும் விசையும் தெரிகிறது. பார்க்க அழகாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் அந்த முதுகுக்கு இல்லை. இன்னொருவர் அம்ரிதா ஷேர்கில். பாரீசில் படித்தபோது 1933ல் அவர் வரைந்த 'தொழில்முறை மாடல்' படத்தில் இருப்பவள் வயதேறி, மெலிந்து, மார்பு தளர்ந்த பெண். மாடலாக உட்காருவது அவளுக்குக் கூலி வேலை என்பது அந்த உடம்பில் தெரிகிறது.

அந்தப் படம் வேறொரு கேள்வியையும் கேட்கவைத்தது. இந்தப் புத்தகங்களில் இருக்கும் உடல்கள் யாருடையவை? 1858ல் வெளிவந்த கிரே அனாட்டமியின் படங்களை வரைந்தவர் ஹென்றி வேண்டைக் கார்ட்டர். அதே ஆண்டு பம்பாய்க்கு வந்து கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் உடற்கூறு கற்பித்தவர். அக்காலப் பிரிட்டனில் 1832ஆம் ஆண்டுச் சட்டம், ஏழைகள் இல்லங்களில் கேட்பாரற்று இறந்தவர்களை அறுவைக்கூடங்களுக்குக் கொடுக்க வழிசெய்தது. ஆக, நம் கைக்கு வந்த தசைப் படங்களில் கிடப்பவர்கள் சம்மதம் கேட்கப்படாத ஏழைகள். இன்றும் கலைக் கல்லூரிகளில் மாடலாக உட்காருபவர்கள் வறுமையால் வருபவர்கள்தான். அக்கம்பக்கத்தில் வேலையைச் சொல்ல முடியாமல் மறைப்பவர்கள் பலர். அந்த வாழ்க்கையைச் சொன்ன மராத்திப் படம் 'நியூட்', 2017 கோவா திரைப்பட விழாவிலிருந்து கடைசி நேரத்தில் நீக்கப்பட்டது.

இதை எழுதுகிற நானும் விதிவிலக்கு இல்லை. அம்மாவிடம் பாடம் கேட்ட உற்சாகத்தில், வரப்பில் உட்கார்ந்து நடவுப் பெண்களை வரையத் தொடங்கினேன். மூன்றாம் நாள் ஒரு அக்கா நிமிர்ந்து, "ஏம்மா, எங்க சூத்தத்தான் வரைவியா, மூஞ்சி கெடையாதா எங்களுக்கு?" என்று கேட்டார். வரிசை முழுக்கச் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. முதுகை நியாயமாக வரைகிறேன் என்ற நினைப்பில் நான் உட்கார்ந்திருந்த இடம், எந்த ஆண் பார்வையைத் தடுக்க அவர்கள் சட்டை போட்டார்களோ அந்தப் பார்வையின் இடமேதான். நான் பெண் என்பதும், அந்த வரிசையில் ஒருத்தியின் மகள் என்பதும் அதை மாற்றிவிடவில்லை. மறுநாள் போய்க் கேட்டேன். இரண்டு பேர் வேண்டாம் என்றார்கள். மற்றவர்கள் சரி என்றார்கள், வரைந்ததைக் காட்ட வேண்டும் என்ற நிபந்தனையோடு. அந்த அக்கா தன் முகத்தை முதலில் வரையச் சொன்னார்.

வரையக் கற்கிற தங்கைகள் என்னிடம் கேட்டால் இந்தப் புத்தகங்களைத் தூக்கிப்போடு என்று சொல்ல மாட்டேன். எலும்பும் தசையும் யாருடைய சொத்தும் இல்லை. ஆண் உடலில் காட்டப்பட்ட தோள் தசை உன் தோளிலும் இருக்கிறது. குடம் தூக்கிப் பார், தெரியும். புத்தகம் ஆணின் பக்கத்தில் சொல்லும் பாடத்தைப் பெண்ணின் உடலில் தேடு. 'இலட்சிய' அளவு என்று எழுதியிருந்தால் யாருடைய இலட்சியம், எதை விற்க என்று கேள். வீட்டில் ஒருவரை நூலால் அளந்து பார்த்துவிட்டு அந்த அளவுப் படத்துக்கு வா. கண்ணாடி முன் உன் உடலையே வரை; அதற்கு யாருடைய அனுமதியும் வேண்டாம். மற்றவர் உடல் என்றால் கேட்டுவிட்டு வரை, வரைந்ததைக் காட்டு.

இரண்டு வருடம் கழித்து அம்மாவின் முதுகை மறுபடி வரைந்தேன். சட்டையோடு, தொடையில் ஊன்றிய முழங்கையோடு, ஏழு தலைக்குக் குறைந்த உயரத்தோடு. சட்டைக்குள் அந்த இரண்டு கயிறுகள் எங்கே ஓடுகின்றன என்று தெரிந்ததால் துணியின் சுருக்கங்கள் தானாகச் சரியாக விழுந்தன. அம்மா ரொம்ப நேரம் பார்த்தாள்.

"நாத்துமுடிய இவ்ளோ கீழ புடிக்க மாட்டோம்," என்றாள். "வேர்ல சேறு இருக்கும், கனக்கும்."

அந்தக் கையை அழித்து, சற்று மேலே வரைந்தேன்.